நான்கு பிளக்குகளும் அவற்றின் குழிகளும்

ஸ்பார்க் பிளக் மாற்றினால் குதிரைசக்தி கூடும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அந்தப் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். நல்ல நிலையில் இருக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டு நான்கு மடங்கு விலையுள்ள ஒன்றைப் போட்டாலும் எஞ்சின் கூடுதலாக எதையும் தந்துவிடாது. தேய்ந்த பிளக்கை மாற்றியதும் வண்டி துள்ளிக்கொண்டு போகிறதென்றால் இழந்த சக்தி திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் 'பிளக் கோளாறு' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பிளக்கில் இருப்பதே இல்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரிலோ, அது உட்கார்ந்திருக்கும் குழியிலோ, அதை இறுக்கிய கையிலோதான் இருக்கும்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டு 1997 வரை தயாரானது. முன்விளக்குகள் மூடி திறந்து எழும்புமே, அந்த வண்டி. அமெரிக்காவில் இதற்கு மியாடா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். முதலில் 1.6 லிட்டர் எஞ்சின் மட்டும் வந்தது, 1994 மாடலிலிருந்து 1.8 லிட்டரும் சேர்ந்தது. பிளக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். எண்களும் இறுக்கும் அளவும் வேறு. இங்குள்ள கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பிளக்கும் அபூர்வமானதாக இருக்கும் என்று நினைப்பார்கள். இந்த எஞ்சினோ மாஸ்டாவின் 323 என்ற குடும்பக் காரின் வம்சத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கான பிளக் எந்த உதிரிபாகக் கடையிலும் சாதாரண அலமாரியில், சாதாரண விலையில் கிடைக்கும். 'ரேசிங்' என்று எழுதிய கண்ணாடிப் பேழைப் பக்கம் போகவே வேண்டாம்.

பெட்டியிலுள்ள எண்

மாஸ்டாவின் கையேடு இந்த வண்டிக்கு இரண்டு ஜப்பானிய நிறுவனங்களின் பிளக்குகளைச் சொல்கிறது. என்ஜிகே என்றால் பிகேஆர்5இ-11 அல்லது பிகேஆர்6இ-11. டென்சோ என்றால் கே16பிஆர்-யு11 அல்லது கே20பிஆர்-யு11. இந்த எழுத்துக் கோவையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் 'இதுவும் செட் ஆகும் சார்' என்று நீட்டுவதை ஏற்பதா மறுப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

என்ஜிகே எண்ணையே எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. என்று சொல்கின்றன. அடுத்துள்ள 'ஆர்', உள்ளே மின்தடை உண்டு என்பதற்கு. அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் கேட்கும், எஞ்சின் கம்ப்யூட்டரும் குழம்பலாம். 5 அல்லது 6 என்பது வெப்ப எண். 'இ' என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11, இரு முனைகளுக்கும் நடுவே 1.1 மி.மீ. இடைவெளி விட்டு அனுப்பியிருக்கிறோம் என்பதைக் குறிக்கிறது.

இதில் எந்தச் சூழ்நிலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது மரையின் நீளம். நீளம் கூடினால் பிளக்கின் நுனி எரியறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். பிஸ்டனில் முட்டவும் முட்டலாம். நீளம் குறைந்தால் சிலிண்டர் ஹெட்டின் மரையில் அடிப்பகுதி வெறுமையாக விடப்பட்டு அங்கே கரி படியும். பிறகு சரியான பிளக்கை வாங்கி வந்தாலும் அது உள்ளே இறங்காது.

வெப்ப எண்தான் அதிகக் குழப்பம் தருவது. 'ஹாட் பிளக்', 'கோல்டு பிளக்' என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஹாட் பிளக் போட்டால் தீப்பொறி பலமாக இருக்கும், கோல்டு பிளக் போட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டுமே தவறு. பிளக் தன் நுனியின் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதற்குத்தான் அந்த எண். நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நெடுவழி. நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையானால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நுனியின் வெப்பம் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருந்தால்தான் படிகிற கரி தானாக எரிந்து போகும். 870 டிகிரியைத் தாண்டவும் கூடாது. தாண்டிப் போகப் போக, பொறி விழும் முன்பே சூடான நுனியே கலவையைப் பற்றவைத்துவிடும் நிலை வரும். அது பிஸ்டனைத் தின்றுவிடும்.

என்ஜிகே கணக்கில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது. டென்சோவிலும் அப்படியே, என்ஜிகேயின் 5, 6, 7 ஆகியவற்றுக்கு டென்சோவில் 16, 20, 22 ஈடு. ஆனால் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் எண்கள் நேர் எதிராக ஓடுகின்றன. அங்கே எண் ஏறினால் பிளக் சூடானது. கம்பெனி மாற்றி வாங்கும்போது பொருத்த அட்டவணையைப் பார்க்காமல், எண்ணை மட்டும் வைத்து ஊகித்து வாங்குவது ஆபத்து.

அப்படியானால் 5-ஆ, 6-ஆ? பத்து நிமிடத் தொலைவில் உள்ள கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டி, குளிர்நாட்டில் பாதிச் சூட்டிலேயே அணைக்கப்படும் வண்டி என்றால் 5 போதும். நெடுஞ்சாலை, மலைப்பாதை, கோடைக்காலம், கொஞ்சம் அழுத்தி ஓட்டும் பழக்கம் என்றால் 6. சந்தேகமாக இருந்தால் 6-ஐயே வாங்குவேன். இந்த வண்டியை வாங்குகிறவர்கள் மெதுவாக ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. பின்னாளில் டர்போ பொருத்தியவர்கள் 7-க்குப் போவது வழக்கம். கூடவே இடைவெளியையும் 0.7 அல்லது 0.8 மி.மீ. அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். காயிலால் அதைத் தர முடியாவிட்டால் பொறி அணைந்துபோகும். சாதாரண எஞ்சினில் இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

இரிடியம் வாங்கலாமா?

'காப்பர் பிளக்' என்று கடையில் சொல்வதில் பொறி விழும் முனைகள் நிக்கல் கலவை. செம்பு இருப்பது உள்கருவில். விலை உயர்ந்த பிளக்குகளிலும் அந்தச் செம்புக் கரு உண்டு. வித்தியாசம் முனையில்தான். இரிடியமும் பிளாட்டினமும் உருகுநிலை மிக அதிகமான உலோகங்கள், அதனால் மெதுவாகத் தேயும். நடுமுனையை மிக மெல்லியதாகச் செய்யவும் முடிகிறது. டென்சோவின் ஒரு வகையில் அது 0.4 மி.மீ. மட்டுமே. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே தாவிவிடும். இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் இந்த வண்டியின் மின்சாரப் போக்கு கொஞ்சம் விசித்திரமானது. நான்கு சிலிண்டருக்கு இரண்டே காயில்கள். ஒரு காயில் 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும் மற்றொன்று 2, 3 ஆகியவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொறி தருகிறது. ஒன்றில் கலவை அழுந்தி வெடிக்கக் காத்திருக்கும்போது அதன் ஜோடியில் எரிந்த புகை வெளியேறிக்கொண்டிருக்கும். அங்கே விழுகிற பொறி வீண். வீண் என்றாலும் தேய்மானத்தில் அதற்கும் பங்குண்டு: ஒவ்வொரு பிளக்கும் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி விட்டாக வேண்டும். 6,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு நூறு.

இன்னொரு சங்கதி, மின்சாரத்தின் திசை. காயிலின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஒரு பிளக்கின் வழியே ஹெட்டுக்குள் இறங்கி, ஜோடிப் பிளக்கின் வழியே ஏறித்தான் காயிலின் மறுமுனைக்குத் திரும்புகிறது. ஆகவே இரண்டு பிளக்குகளில் பொறி வழக்கமான திசையில், நடுமுனையிலிருந்து வளைந்த பக்கமுனைக்கு எலக்ட்ரான்கள் பாய, விழும். மற்ற இரண்டில் தலைகீழ். அந்த இரண்டில் பக்கமுனைதான் அதிகம் அரிக்கப்படுகிறது. நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்து, பக்கமுனையை வெறும் நிக்கலாக விட்டிருக்கும் பிளக்குகளை வாங்கினால், நீங்கள் கொடுத்த கூடுதல் காசு இரண்டு சிலிண்டரில் மட்டும் பலன் தரும். பளபளப்பான அட்டைப்பெட்டியில் வரும் பிரபலமான இரிடியம் வகைகளில் பல இப்படிப்பட்டவைதான். உயர்ரகம் வேண்டுமானால் இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் சாதாரண நிக்கல் பிளக்கின் பக்கம். நீண்ட ஆயுள் உள்ள பிளக்கின் அருமை போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதன் எஞ்சின் வண்டியின் பின்கோடியில் படுத்திருக்கிறது. பிளக்குகள் பக்கவாட்டில், அடியில் புதைந்திருக்கின்றன. பின்சக்கரத்தைக் கழற்றி, சூட்டுத் தகட்டை அகற்றி, கைவிரலால் தடவித் தேடுகிறவர்கள் அந்த வேலையை அடிக்கடி விரும்ப மாட்டார்கள். எம்எக்ஸ்-5இல் பானெட்டைத் திறந்தால் டேப்பெட் கவரின் நடுப்பள்ளத்தில் நான்கும் வரிசையாக நிற்கின்றன. மேலே எதையும் கழற்ற வேண்டியதில்லை. அமெரிக்கப் பராமரிப்பு அட்டவணை 30,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 48,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மாற்றச் சொல்கிறது. வாரக்கடைசியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பல வருடம். இடையில் ஒருமுறை கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலையும் தெரிந்துவிடும்.

போலிச் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜிகே பெயரில் போலிகள் உலகெங்கும் புழங்குகின்றன. அந்த நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அசல் பிளக்கில் உள்ள வாஷரைக் கையால் சுற்றிக் கழற்றிவிட முடியாது. எழுத்து மங்கியோ கோணலாகவோ இருந்தாலும், நடுமுனையும் பக்கமுனையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் ஒயரைச் சந்தேகியுங்கள்

டாப் கியரில், 2,500 அல்லது 3,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி விக்குகிறது. மழைநாளில் விக்கல் கூடுகிறது. நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தால் சரியாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பிளக் ஒயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். காயில்கள் ஹெட்டின் பின்புறம், டேஷ்போர்டை ஒட்டிய தகட்டுப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து ஒயர்கள் சூடான டேப்பெட் கவரின் மீதே வருகின்றன. ரப்பர் காய்ந்து, நுண்ணிய வெடிப்பு விட்டு, பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்துச் சுவருக்குத் தாவிவிடும். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் பொறி தாவுவது கடினமாகிறது. மின்சாரம் சுலபமான வழியைத் தேடிக்கொள்கிறது. சும்மா ரேஸ் கொடுக்கும்போது கோளாறு வெளிப்படாததற்குக் காரணம் இதுதான்.

இருட்டில், எஞ்சின் ஓடும்போது, ஒயர்களின் மேல் லேசாகத் தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் பார்த்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம் அது. ஒயர் பழசு என்று தெரிந்தால் சோதனைகூட வேண்டாம். நல்ல பிளக்கும் கெட்ட ஒயருமாக ஓட்டுவதைவிட சுமாரான பிளக்கும் நல்ல ஒயருமாக ஓட்டலாம்.

இந்த விக்கலோடு தொடர்ந்து ஓட்டுவது வண்டிக்கும் கேடு, பணப்பைக்கும் கேடு. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டரின் விலையில் பல வருடத்துக்கான பிளக்கும் ஒயரும் வாங்கிவிடலாம்.

கழற்றுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் மரை மென்மையாக இருக்கும்போது இழுத்தால் மரையும் சேர்ந்து வந்துவிடும். மாலையில் ஓட்டிவிட்டு மறுநாள் காலையில் வேலையை ஆரம்பிப்பது உத்தமம்.

கருவிகள் அதிகம் இல்லை. 16 மி.மீ. பிளக் சாக்கெட், 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன், ராட்செட், சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரெஞ்ச், கம்பி வகை கேஜ், ஒரு டார்ச், ஒரு சாண் நீள ரப்பர் குழாய். உள்ளே ரப்பர் வளையம் வைத்த சாக்கெட்டைவிடக் காந்தம் வைத்ததை நான் விரும்புகிறேன். ரப்பர் வளையம் புதுப் பிளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாது. மேலே இழுத்தால் எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வரும், சாக்கெட் குழியிலேயே நின்றுவிடும். இருப்பது அதுதான் என்றால் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் நான்கு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

பிளக் குழிதான் இந்த வேலையின் உயிர்நிலை. பல வருடத் தூசி, மணல், காய்ந்த இலைத் துணுக்கு எல்லாம் அதில் இறங்கியிருக்கும். பிளக்கைத் திறந்த நொடியில் அது சிலிண்டருக்குள் போகும். ஒயரை எடுக்கும் முன்பே சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். ரப்பர் உறையின் தலையைப் பிடித்து இடமும் வலமும் அரைச் சுற்று திருகி, பிறகு நேராக மேலே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுந்துவிடும். உறை வந்ததும் குழிக்குள் காற்று அடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. சாக்கெட்டை இறக்கி, பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். மறுபடியும் காற்று. அதன் பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும்.

பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். கொஞ்சம் உள்ளே திருப்பி, கொஞ்சம் வெளியே திருப்பி, துரு நீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருங்கள். அப்படியும் வராவிட்டால் அனுபவமுள்ள பட்டறையிடம் விட்டுவிடுவது மலிவு. மரை போனால் அதை அறுத்துப் புது மரைச்சுருள் பொருத்த வேண்டியிருக்கும்; அப்போது அலுமினியத் துருவல் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வித்தை.

டார்ச் அடித்தால் குழியில் எண்ணெய் மின்னுகிறதா? இந்த எஞ்சின்களில் அடிக்கடி காண்பதுதான். டேப்பெட் கவரின் பேக்கிங் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைத் திறப்பதற்கு முன் நீண்ட ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உறை உப்பிப் போயிருந்தால் ஒயரையும் மாற்ற வேண்டும். பேக்கிங்கை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை. சில மாதத்தில் அதே குழி, அதே எண்ணெய். தண்ணீர் நின்றால் காரணம் எளிது. யாரோ எஞ்சினைக் குழாய் வைத்துக் கழுவியிருக்கிறார்கள்.

ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1, பின்கோடியில் இருப்பது 4. கழற்றிய பிளக்குகளை இதே வரிசையில் வையுங்கள். ஓர் அட்டையில் நான்கு ஓட்டை போட்டு எண் எழுதிக்கொண்டால் போதும். கலந்துவிட்டால் அவை சொல்லவரும் சேதி போய்விடும்.

பழைய பிளக்கைப் படிப்பது

நான்கும் ஒரே மாதிரி இருந்தால் பாதி நிம்மதி. பீங்கான் மூக்கு வெளிர் சாம்பலாகவோ இளம்பழுப்பாகவோ இருப்பது ஆரோக்கியம். ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் அது கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கலாம். பழைய புத்தகங்களில் உள்ள காப்பி நிறப் படத்தை வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி நான்கிலும் இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லாவிட்டால் வண்டி சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது. ஒன்றில் மட்டும் கரி என்றால் அந்தச் சிலிண்டரின் ஒயரைப் பாருங்கள். ஈரமான கறுப்பு, எண்ணெய் வழவழப்பு என்றால் வால்வ் சீல் அல்லது ரிங் தேய்ந்து எண்ணெய் உள்ளே வருகிறது. பிளக் அதைச் சொல்லத்தான் முடியும், சரிசெய்ய முடியாது. பளிச்சென்ற வெள்ளையும் பீங்கானில் கொப்புளமும் தெரிந்தால் நுனி அளவுக்கு மீறிச் சூடாகிறது: கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது யாரோ இக்னிஷன் டைமிங்கைத் தேவைக்கு மேல் முன்னே தள்ளியிருக்கிறார்கள். பழைய 1.6 வண்டிகளில் கையேடு சொல்லும் 10 டிகிரியை 14 ஆக்கி ஓட்டுவது ரசிகர்களிடையே பரவலான வழக்கம். வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பீங்கானில் மிளகுப்பொடி போலக் கறுப்புப் புள்ளிகளும் மினுக்கும் அலுமினியத் துகள்களும் இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

பிளக்கின் வெளிப்பீங்கானில், இரும்பு உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் இருக்கும். புகை கசிந்து வந்த கறை என்று இதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். உயர் வோல்டேஜ், காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து அங்கே ஒட்டவைத்திருக்கிறது. தீங்கு ஒன்றும் இல்லை. அதே வெளிப்பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலில் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் கதை வேறு. பொறி உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகவே இறங்கியிருக்கிறது. பிளக்கோடு அதன் ஒயரையும் சேர்த்து மாற்றுங்கள். ரப்பர் உறையின் உட்புறத்திலும் அதே கோடு இருக்கும். புதுப் பிளக்கையும் அது கெடுத்துவிடும்.

நான்கும் வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் பார்த்துவிடுவது நல்லது. இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டுப் பாருங்கள். நான்கு எண்களும் அருகருகே இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

புதியதைப் போடுவது

1.1 மி.மீ. இடைவெளியோடு வருகிறது என்று பெட்டி சொன்னாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கையேடு கேட்பது 1.0 முதல் 1.1 வரை. குறைக்க வேண்டுமென்றால் பக்கமுனையை மட்டும் மெல்லத் தட்டுங்கள். கேஜை நெம்புகோல்போல நடுமுனையில் ஊன்றி வளைக்கக் கூடாது. நிக்கலில் பீங்கான் விரிசல் விடும், இரிடியத்தில் நுனியே ஒடிந்துவிடும். கைதவறிக் கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். உள்ளே விட்டிருக்கும் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

மரைக்கு கிரீஸோ ஆன்ட்டி-சீஸோ தடவலாமா என்ற தகராறு முடிவில்லாதது. இன்றைய பிளக்குகளின் மரையில் முலாம் பூசியே வருகிறது, தடவ வேண்டாம் என்கிறது என்ஜிகே. காரணம் உண்டு. வழுக்கும் மரையில் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணைவிட உண்மையில் அதிகமாக இறுகிவிடும். நானும் தடவுவதில்லை.

ரப்பர் குழாயின் வாயில் பிளக்கின் தலையைச் செருகிக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கம், கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மரை 'டக்' என்று இறங்குவது கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றுமே தவிரப் பிளக் நகராது. ராட்செட்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது, அது மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். வாஷர் தொடும்வரை விரலாலேயே போக வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சில் 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். நடுவில் 20 வைத்துக்கொள்ளலாம். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்று. வாஷர் நசுங்குவதைக் கை உணரும். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கைத் திருப்பிப் போடும்போது மணிக்கூட்டு முகப்பில் ஒரு மணி நேர அளவு திருப்பினாலே போதும். தளர்வாக விட்டாலும் கெடுதல்தான். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்கும் வழியில் அந்த வாஷரும் ஒன்று.

ரப்பர் உறையின் வாய்க்குள் சிலிக்கான் கிரீஸைப் பட்டாணியளவு தடவி, 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினால் குழப்பம் வராது. மொத்தமாகக் கழற்றிவிட்டு முழிப்பவர்களுக்கு ஒன்று: காயில் பின்னால் இருப்பதால் மிக நீளமான ஒயர் 1-க்கு, மிகக் குட்டை 4-க்கு. 1-ஐயும் 4-ஐயும் மாற்றி மாட்டினால்கூட எஞ்சின் கண்டுகொள்ளாது, இரண்டுக்கும் பொறி ஒரே நேரத்தில்தானே விழுகிறது. 1-ஐ 2-ஓடு மாற்றினால் ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். ஸ்டார்ட் ஆனாலும் வெடித்துக்கொண்டு குலுங்கும்.

ஸ்டார்ட் செய்து, குழிகளிலிருந்து 'சிக் சிக்' என்று காற்றுக் கசியும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அணைத்து, ஆறவிட்டு, அந்தப் பிளக்கை மறுபடி இறுக்குங்கள். பிறகு சாலையில் டாப் கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். விக்கல் இன்னும் இருந்தால், 1996 மாடல் முதலான அமெரிக்க வண்டிகளில் ஸ்கேனர் மாட்டி எந்தச் சிலிண்டர் என்று பார்த்துவிடலாம். அதற்கு முந்தையவற்றில், எஞ்சினை அணைத்து ஓர் இன்ஜெக்டரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். இப்படி நான்கையும் முறை வைத்துப் பாருங்கள். எதைப் பிடுங்கினால் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ அதுவே சோம்பேறி. 1-4 அல்லது 2-3 என்று ஜோடியாகச் சோம்பல் தெரிந்தால் பிளக்கை விட்டுவிட்டுக் காயிலுக்குப் போங்கள்.